எதிர்ப்பு சக்தி நிறைந்த குடும்பம்

மே 6, 2021, வியாழன்

இன்றும் ஷிப்டில் பாதிப் பேர் இல்லை. ரப்பர் சீல் லைனில் மற்றவர்கள் வேலையையும் சேர்த்து நாங்களே பார்த்தோம். விளக்குக்கு அடியில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, நல்லதை ஒரு ட்ரேயிலும் கெட்டதை இன்னொரு ட்ரேயிலும் போடுவதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் கண் முன்னால் வளையம் வளையமாகத் தெரிகிறது.

வந்தால் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்காரருடைய அண்ணன் கோவிந்தப்பன். நேரில் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். இங்கே மட்டும் பெரியவர். எழுதும்போதாவது கொஞ்சம் கிண்டல் செய்துகொள்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்?

பெரியவர் தொரப்பள்ளியில் நிலம் பார்க்கிறார், கூடவே பவுடர் விற்கிறார். விற்கிறார் என்று சொன்னால் கோபம் வரும். "ஆரோக்கியத்தைப் பகிர்ந்துகொள்கிறார்." காலையில் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற பவுடர். முதலில் உடம்பு இளைக்க என்றார். பிறகு உடம்பு தேற என்றார். அப்புறம் சர்க்கரைக்கு, மூட்டு வலிக்கு. கொரோனா வந்ததிலிருந்து எதிர்ப்பு சக்திக்கு. டப்பா மட்டும் மாறவே இல்லை.

கம்பெனியில் தடுப்பூசி முகாம் போடப்போகிறார்களாம், இவரும் போட்டுக்கொள்ளட்டுமே என்று வாயைத் திறந்தேன். பெரியவர் சிரித்தார். "அது எதிர்ப்பு சக்தி இல்லாதவங்களுக்கும்மா. நம்மது எதிர்ப்பு சக்தி நெறஞ்ச குடும்பம்." இவர் தலையை ஆட்டினார். இவர் அண்ணன் எதைச் சொன்னாலும் ஆட்டுவார். சி.என்.சி. மிஷினை ஒரு மைக்ரான் தவறாமல் ஓட்டுகிற மனிதர், அண்ணன் முன்னால் மட்டும் எல்கேஜி பையன்.

இருமிக்கொண்டே ஆட்டினார். அதையும் எழுதி வைக்கிறேன்.

மே 8, சனி

இவருக்குக் காய்ச்சல். "ஏசி ரூம்ல நின்னன், அதான்" என்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே ஏசி ரூம்தான்.

மே 10, திங்கள்

முழு ஊரடங்கு ஆரம்பம். ரிசல்ட் வந்தது. இவருக்குப் பாசிட்டிவ். எனக்கும் மகள் சுவாதிக்கும் நெகட்டிவ்.

எங்கள் மாடியில் இரண்டே வீடு. எதிர் வீட்டில் சுமலதாவும் மணிவேலும். விஷயம் தெரிந்ததும் கீழ்த்தளத்து ஆட்கள் மாடிப்படிப் பக்கமே வருவதில்லை. சுமலதா கதவைத் திறந்து, "சுவாதிய எங்கூட விடுக்கா. நெகட்டிவ்னா நெகட்டிவ்தான" என்றாள். நான் தயங்கினேன். "ஏனூ ஆகல்லக்கா, ஒண்ணும் ஆகாது" என்று பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அத்திப்பள்ளியில் பிறந்தவள். பயத்தில் இருக்கிறவர்களுக்குத் தைரியம் சொல்லும்போது மட்டும் அவளுக்குக் கன்னடம் வந்துவிடும்.

மாமியார் போன் செய்தார். வேறெதற்கு? "எம்பையனுக்குச் சின்னதுல இருந்து ஒரு காச்சல் வந்ததில்ல. உங்க வீட்டுத் தண்ணிதான் ஒத்துக்கல" என்று சொல்வதற்கு. எங்கள் வீட்டுத் தண்ணீரும் மாநகராட்சித் தண்ணீர்தான்.

மே 13, வியாழன்

காய்ச்சல் விட்டது! கஞ்சி குடித்தார். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

அந்தச் சந்தோஷம் அடுப்பில் பால் பொங்குகிற நேரம்கூட நிற்கவில்லை. பெரியவர் அதற்குள் இவர் படத்தைப் பவுடர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற படம். கீழே: "என் தம்பி சிவராஜ். மாத்திரை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. கொரோனாவை வென்றார்." மாத்திரையை நான்தான் வேளை தவறாமல் கொடுத்தேன். அது கணக்கில் வராது போலிருக்கிறது.

மே 15, சனி

பாத்ரூம் போய்விட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் மூச்சு வாங்குகிறது. காய்ச்சல் இல்லை. சளி இல்லை. மூச்சு மட்டும். விரலில் மாட்டுகிற மீட்டர் எண்பத்தெட்டு காட்டியது. பெரியவருக்குச் சொன்னேன். "அது சைனா மெஷினும்மா. கை சில்லுனு இருந்தா கொறையாத்தான் காட்டும். கைய நல்லாத் தேய்ச்சு விட்டு மறுபடி போடு."

தேய்த்தேன். நான் ஒரு மடச்சி, தேய்த்தேன். எண்பத்தேழு.

மே 16, ஞாயிறு

ஆம்புலன்ஸ் வரவில்லை. வரிசையில் இருக்கிறீர்கள் என்கிறார்கள்.

மணிவேல் இவரை முதுகில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினான். இவர் நல்ல கனம். மணிவேல் ஒல்லி. படிக்குப் படி நின்று, "அண்ணா, கழுத்த இறுக்காதீங்க, நான் செத்துருவன்" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான். கம்பெனிச் சாமான் ஏற்றுகிற அவனுடைய லோடு ஆட்டோவில் மெத்தையைப் போட்டு இவரைப் படுக்க வைத்தோம். முதல் ஆஸ்பத்திரியில் இடமில்லை. அடுத்ததில் கேட்டே திறக்கவில்லை. மூன்றாவதில் ஒரு படுக்கை காலியாகியிருந்தது. எப்படிக் காலியானது என்று கேட்கவில்லை. வெளியே ஒரு குடும்பம் அழுதுகொண்டிருந்தது.

தொற்றிவிடும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். பெரியவர் எங்கே என்றால், போனில் இருந்தார்.

மே 17, திங்கள்

டாக்டர் ஸோயா என்று ஒரு அம்மா. கிருஷ்ணகிரிக்காரங்க. கண்ணுக்குக் கீழே கண்ணாடி அழுத்திய தடம் புண்ணாகவே ஆகியிருக்கிறது. என்னை வராந்தாவில் நிற்க வைத்துச் சொன்னார்கள்.

"இப்ப கிருமி பெரிய பிரச்சினை இல்லீங்க. அது வந்த வேலைய முடிச்சிட்டு அடங்கிட்டு வருது. அவரு உடம்போட எதிர்ப்பு சக்திதான் அடங்க மாட்டேங்குது. திருடன் போன பிறகும் காவக்காரன் வீட்டுக்குள்ள பூந்து தடியால அடிக்கிறான், பாத்திரம் பண்டம் எல்லாம் ஒடையுது. அந்த மாதிரி நுரையீரல் வீங்கிக் கெடக்குது."

ரத்தத்தில் ஏதோ ஒரு அளவு. சிஆர்பி என்றார்கள். இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு. எனக்கு இது புரிந்துவிட்டது. எங்கள் லைனில் அளவுக்குக் கீழே போனாலும் கழிவு, மேலே போனாலும் கழிவு. இரண்டும் ஒரே ட்ரேயில்தான் விழும். எதிர்ப்பு சக்திக்கு மேல் எல்லை ஒன்று இருக்கும் என்று ஒரு வருடமாக எந்த டிவியும் சொல்லவில்லையே. கூட்டு, கூட்டு, கூட்டு என்றுதானே சொன்னார்கள்.

ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டார்களாம். குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

மே 18, செவ்வாய்

பெரியவர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். என்னைப் பார்க்க இல்லை. வார்டு ஆயாவைப் பிடித்து ஒரு பிளாஸ்க்கை உள்ளே அனுப்பியிருக்கிறார். பவுடரும் கஷாயமும் கலந்தது. இவர் அண்ணன் கொடுத்தது என்று ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுக் குடித்திருக்கிறார். புரையேறி, நீலம் பாரித்து, நர்ஸ் எல்லாம் ஓடி — கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். கதவை உடைக்கத் தோன்றியது.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?" என்றேன். அவரிடம் குரல் உயர்த்திப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"அவங்க ஸ்டீராய்டு போட்டு எதிர்ப்பு சக்திய உறிஞ்சுறாங்கம்மா. நான் உள்ள இருந்து ஏத்தறன். கருப்பு பூஞ்சை வந்து கண்ண நோண்டி எடுக்கறாங்களே, நியூஸ் பாக்கறதில்லயா நீ?"

அவர் தம்பியின் மேல் அன்பு இல்லாதவர் இல்லை. அதுதான் எரிச்சல். அன்பு இல்லாதவராக இருந்தால் ஒரே வார்த்தையில் திட்டிவிட்டுப் போயிருப்பேன். வராந்தாவில் உட்கார்ந்து முண்டாசைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுதுவிட்டு எழுந்து, பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு போனார்.

மே 19, புதன்

எழுத்து கோணல் மாணலா வருது. பரவாயில்ல.

மூச்சு இன்னும் மோசம். பெரிய மிஷினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறார்கள். டாக்டர் ஸோயா கூப்பிட்டார்கள். ஒரு ஊசி இருக்கிறதாம். எதிர்ப்பு சக்தியின் வெறியை அடக்குகிற ஊசி. எங்கேயும் கிடைக்கவில்லை, இவர்களிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. "இன்னைக்கே போடணும். நாளானா போட்டும் பிரயோசனம் இருக்காது. வேற தொத்து வர ஆபத்தும் இருக்கு, மறைக்கல. அவரு பேசற நெலமையில இல்ல, வீட்டாளுங்க கையெழுத்து வேணும்."

வீட்டாளுங்க. யாரு வீட்டாளு? பெரியவரும் அவர் சம்சாரம் மேகலா அக்காவும் வந்து நின்றார்கள். மாமியார் போனில். எல்லோருக்கும் ஒரே பேச்சு.

"எதிர்ப்பு சக்திய கொறைக்கறதுக்கு ஊசியா? நோயாளிக்கு? எந்த ஊர் ஞாயம் இது?"

"நம்மாளுங்கள வெச்சு மருந்து சோதிச்சுப் பாக்கறாங்க."

"அருணா, கையெழுத்துப் போட்டன்னா எம்பையனுக்கு நீதான் எமன்." இது போனிலிருந்து.

காலையிலேயே ஊசிப் பேச்சு வந்தபோது நான் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு உள்ளே போய் இவரைக் கேட்டிருந்தேன். அப்போது கொஞ்சம் நினைவு இருந்தது. கண்ணைத் திறந்தார். மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. காதை வைத்துக் கேட்டேன்.

"அண்ணன... கேளு."

பதினான்கு வருடம் சோறு போட்ட எனக்கு அந்த இரண்டு வார்த்தைதான் கிடைத்தது. சாகும்போதும் அண்ணன். சரி. சாக விடக் கூடாது, அவ்வளவுதான்.

பெரியவர் டாக்டரிடம், "நான்தாங்க மூத்தவன். நான் வேண்டாங்கறன்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார்கள். "சட்டப்படி மனைவிதான். நீங்க சொல்லுங்க." மேகலா அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "வேண்டாம்டி. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன்ன இந்தக் குடும்பத்துல உயிரோட விட மாட்டாங்க." மிரட்டல் இல்லை. எனக்காகப் பயந்துதான் சொன்னார்.

முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

பெரியவர் என்னைப் பார்த்த பார்வை. தப்பு செய்தேனா? செய்திருந்தால் நாளைக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கடவுளே, நான் தப்பு செய்யலன்னு மட்டும் காட்டு.

மே 20, வியாழன்

இருக்கிறார்.

மே 22, சனி

அந்த சிஆர்பி இறங்குகிறது. டாக்டர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு பார்த்தேன். "வீக்கம் அடங்குதுங்க. நேரத்துக்குப் போட்டது நல்லதாப் போச்சு."

வீட்டுக்கு வந்து சுமலதாவிடம் சொன்னேன். மணிவேல் கிட்டே வராமல் கதவருகிலேயே நின்று, "அண்ணன் எறங்கறப்பத்தான் நான் தூக்கினேன். ஏறும்போது அவரே நடந்து ஏறணும், சொல்லிடுங்க" என்றான். சுவாதி அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தாள். நான் ஒருத்தி அழுது வடிந்துகொண்டிருந்த நாளெல்லாம் என் பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு, கன்னடத்தில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு பேருக்கும் நான் என்ன செய்யப் போகிறேன்?

ஜூன் 4, வெள்ளி

டிஸ்சார்ஜ். மூன்று மாடி ஏற முடியாது என்பதால் தொரப்பள்ளிக்கு, பெரியவர் வீட்டுக்குத்தான் மூவரும் வந்திருக்கிறோம். வேறு வழி இல்லை. டாக்டர் ஸோயா தெளிவாகச் சொல்லி அனுப்பினார்கள்: நுரையீரலில் தழும்பு இருக்கிறது, மாதக்கணக்கில் மூச்சு வாங்கும், பொறுமை வேண்டும், மருந்தை நிறுத்தக் கூடாது.

வாசலில் மாமியார் ஆரத்தி எடுத்தார். இவருக்கு. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக உள்ளே போனேன்.

ஜூன் 14, திங்கள்

இவருக்கு ஆஸ்பத்திரியில் நடந்தது பாதிக்கு மேல் நினைவில் இல்லை. மீதியைப் பெரியவர் நிரப்பிவிட்டார். எப்படி நிரப்பியிருக்கிறார் என்று இன்று தெரிந்தது.

கொல்லைப்பக்கம் போய்வந்து மூச்சு வாங்கி உட்கார்ந்தவரிடம் தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

"நீ அந்த ஊசிக்கு கையெழுத்துப் போடாம இருந்திருந்தா நான் இந்நேரம் மிஷின்ல நின்னுட்டு இருப்பன்."

"என்னது?"

"எதிர்ப்பு சக்திய கொறைக்கிற ஊசியாமே. இருந்தத உறிஞ்சிட்டாங்க. அதான் நாலடி நடக்க முடியல. அண்ணன் வேண்டாம்னு தலையால அடிச்சிருக்கான். நீ கேக்கல. அவன் அன்னைக்குக் குடுத்த கஷாயம் உள்ள போனதாலதான் உசுரு தங்குச்சு."

சொல்ல வாயெடுத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. இவரோடு இப்போது சண்டை போட முடியாது. போட்டால் இருமல் வரும். எனக்கு வாயும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. பேசினால் இவர் மூச்சு போய்விடும். நல்ல தண்டனைதான்.

கிணற்று மோட்டார் ரூமுக்குப் போய்க் கத்தி அழுதுவிட்டு வந்தேன். மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஜூன் 27, ஞாயிறு

குடும்பக் கூட்டம். சொந்தபந்தம் இல்லை, பவுடர்க் குடும்பம். போனில் ஜூம் வழியாக. ஓசூர், சூளகிரி, பாகலூர் என்று கட்டம் கட்டமாக முகங்கள். பெரியவர்தான் நடத்துகிறார். இன்று சிறப்புப் பேச்சாளர் என் வீட்டுக்காரர்.

வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவ்வளவு தெம்பாக நான் பார்த்ததே இல்லை. போனை வைக்க இடம் சரிப்படாமல், நான்தான் எதிரே நின்று பிடித்துக்கொண்டேன்.

"டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க" என்று ஆரம்பித்தார். யார் விரித்தது? அந்த அம்மாவின் கண்ணுக்குக் கீழே இருந்த புண்ணை நான் பார்த்தேன். "எதிர்ப்பு சக்திதான் என்னக் காப்பாத்துச்சு. காச்சல் வந்தா பயப்படாதீங்க, உடம்பு சண்ட போடுதுன்னு அர்த்தம். ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க. எங்க அண்ணன் குடுத்ததக் குடிங்க." எல்லாக் கட்டத்திலும் கைதட்டல். இவர் சிரித்தார். என்னைப் பார்த்தும் சிரித்தார்.

ஒரு கட்டத்தில் மணிவேலும் சுமலதாவும் இருந்தார்கள். சுமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் ஒன்றும் சொல்லவில்லை? இவர் சிரித்தார் என்பதற்காக. வேலைக்கு இன்னும் யாரும் கூப்பிடாத மனிதர், யாரோ நாலு பேர் கைதட்டினால் தட்டிவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஜூலை 9, வெள்ளி

என்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள், தொரப்பள்ளியிலிருந்தே போய்வருகிறேன். சுமலதா போனில் சொன்னாள், மணிவேல் பவுடர் எடுக்க ஆரம்பித்திருக்கிறானாம். "லோடு எறக்கற எடத்துல எல்லாம் ஊசி போட்டுக்க சொல்றாங்கக்கா. இவரு வேண்டாங்கறாரு. சிவராஜண்ணனுக்கே இதானே கேட்டுச்சு, எனக்கு எதுக்குன்றாரு."

பக்கத்தில் இவர் உட்கார்ந்திருந்தார். நான், "பவுடர் குடிச்சாலும் தடுப்பூசிய போட்டுக்கச் சொல்லு சுமலதா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இவருக்கு ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியைப் பற்றிச் சொல்லவில்லை. நேரில் போய் விவரமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 20, செவ்வாய்

ஓவர்டைம். மூக்கண்டப்பள்ளிக்கு, சுமலதா வீட்டுப் பக்கம் போக முடியவில்லை. அடுத்த வாரம்.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

சுமலதா போன் செய்தாள், அதே ஆஸ்பத்திரியிலிருந்து. மணிவேலுக்கு மூச்சு விட முடியவில்லை. காய்ச்சல் வந்து நாளாகிவிட்டது.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சிவராஜண்ணன்தான் தெனம் போன்ல பேசி தைரியம் சொன்னாருக்கா. காச்சல் விட்டுருச்சு, இனி கவலையில்லன்னாரு. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னாரு. அவ எதிர்மறையாப் பேசுவா, எதிர்மறையாப் பேசறவங்க கிட்டப் போனா எதிர்ப்பு சக்தி கொறஞ்சிரும்னாரு."

இவரைப் பார்த்தேன். சட்டையை அயர்ன் செய்துகொண்டிருந்தார். அடுத்த கூட்டத்துக்கு.

ஆகஸ்ட் 2, திங்கள்

டாக்டர் ஸோயா என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். "உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?" என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறார், மேடையில் பேசுகிறார் என்றேன்.

அந்த ஊசி இப்போது கிடைக்கிறதாம். ஸ்டாக் இருக்கிறதாம். ஆனால் அதைப் போடுகிற நேரம் தாண்டிவிட்டது. நுரையீரல் அடி வாங்கி முடித்துவிட்டது, சிறுநீரகமும் போகிறது, இப்போது போட்டால் பிரயோசனம் இல்லை. "அஞ்சாறு நாள் முன்னால வந்திருந்தா..."

கண்ணாடிக்கு உள்ளே மணிவேல். தொண்டையில் குழாய். இவரை முதுகில் சுமந்து மூன்று மாடி இறங்கியவனைச் சுமக்க ஒருத்தரும் இல்லை.

ஆகஸ்ட் 5, வியாழன்

மணிவேல் போய்விட்டான்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

துக்கம் கேட்கப் போனோம். இவர் மாடி ஏறினார். நின்று நின்று, ஆனால் தானே நடந்து ஏறினார். எனக்கு மட்டும் அந்த ஒவ்வொரு படியிலும் மணிவேலின் சிரிப்புக் கேட்டது.

பெரியவரும் வந்திருந்தார். கூட்டத்தில் ஒருத்தரிடம் தாழ்ந்த குரலில், "நடுவுல ரெண்டு நாள் பவுடர நிறுத்திட்டானாங்க. அதான் இப்படி ஆயிருச்சு" என்றார். இவர் அதற்கும் தலையாட்டினார்.

சுமலதா என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"சிவராஜண்ணன் பொழச்சது அந்த ஊசியிலன்னு டாக்டரம்மா சொன்னாங்க. சண்ட போட்டு நீதான் கையெழுத்துப் போட்டன்னு சொன்னாங்க. நெஜமாக்கா?"

"நெஜம்."

"அன்னைக்கு ஜூம்ல அவரு பேசும்போது நீ எங்கக்கா இருந்த?"

போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

சுதந்திர தினச் சிறப்புக் கூட்டம். இவர் முன் அறையில் பேசிக்கொண்டிருந்தார். மணிவேலுக்கு ஒரு நிமிட மௌனம், அப்புறம் புதிய டப்பா அறிமுகம். நான் அடுப்படியில் நின்று என் போனில் அதே கூட்டத்துக்குள் போனேன். பேசுகிற பொத்தானை அழுத்தினேன்.

"நான் சிவராஜ் சம்சாரம் அருணா. இவர இந்தப் பவுடர் காப்பாத்தல. எதிர்ப்பு சக்திய அடக்குற ஊசி காப்பாத்துச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டேன். மணிவேலு இவரு பேச்சக் கேட்டு வீட்லயே கெடந்து செத்தான். காச்சல் விட்ட பிறகும் மூச்சு வாங்கினா உடனே ஆஸ்பத்திரி..."

என் குரல் போகவில்லை. பெரியவர் அங்கிருந்தே என்னை மியூட் செய்து வாயை அடைத்துவிட்டார், ஒரே விரலில். திரையில் எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தார்கள். எதுவரை கேட்டது என்று தெரியவில்லை. அடுத்த நொடி என்னை வெளியே தள்ளிவிட்டது.

முன் அறையில் பெரியவர் குரல்: "மன்னிக்கணும், தம்பி சம்சாரத்துக்கு அந்த நோயில இருந்து கொஞ்சம் மனசு சரியில்ல."

இவர் அடுப்படிக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்" என்றார். "அதையும் கெடுத்துட்ட."

நான் சுவாதியின் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். இவர் தடுக்கவில்லை.

ஆகஸ்ட் 31, செவ்வாய்

மூக்கண்டப்பள்ளி வீட்டுக்கு நானும் சுவாதியும் வந்துவிட்டோம். இவர் வரவில்லை. பெரியவர் இவருக்கு ஒரு பட்டம் கொடுத்திருக்கிறாராம், படம் குரூப்பில் வந்ததாக வேலையில் ஒருத்தி காட்டினாள். வெள்ளைச் சட்டையில் நன்றாகத்தான் இருக்கிறார்.

எதிர் வீட்டுக் கதவை இரண்டு தடவை தட்டினேன். உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. திறக்கவில்லை. சுவாதி, "அந்த அத்தைக்கு நம்ம மேல கோவமாம்மா?" என்று கேட்டது. தூங்கு என்றேன்.

இன்று காலை ஷிப்டுக்கு இறங்கும்போது சுமலதா தண்ணீர்க் கேனோடு மேலே வந்துகொண்டிருந்தாள். கேனை வாங்கக் கையை நீட்டினேன். அவள் கேனை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றாள்.

சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டேன்.